வாழ்த்துகள் சொன்ன சவப்பெட்டிக் கடை

சவப்பெட்டிக் கடைக்காரருக்கு மூன்று நாளாக ஓர் ஆர்டரும் இல்லை. "ஊர்ல எல்லாரும் திடீர்னு உடம்பைப் பார்த்துக்க ஆரம்பிச்சிட்டாங்களா?" என்று புலம்பியபடி செய்தித்தாளில் இரங்கல் விளம்பரங்களை எண்ணினார். பதினொன்று. ஆட்கள் ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். பெட்டியைத்தான் வேறெங்கோ வாங்கினார்கள்.

கடையின் இணையதளத்தை எழுதியவள் மருமகள். பக்கம் திறந்து முடிந்ததும் ஆர்டர் படிவமும் ஃபோன் நம்பரும் தோன்றும்படி செய்திருந்தாள். இப்போது திறந்து பார்த்தாள். தங்க நிறக் காகிதத் துண்டுகள் மேலிருந்து கொட்டின. நடுவில் ஒரு கட்டம்: "வாழ்த்துகள்! நல்ல முடிவு எடுத்திருக்கிறீர்கள்!" படிவமும் இல்லை, நம்பரும் இல்லை.

"மாமா, இதுல யாரு கை வச்சது?"

"சனிக்கிழமை நம்ம மாப்பிள்ளை வந்தாரேம்மா. கொஞ்சம் களை கட்டட்டும்னு என்னமோ செஞ்சார்."

மகளைக் கட்டிய அந்த மாப்பிள்ளை, துணிக்கடைத் தளங்களை ஜோடித்தே பேர் வாங்கியவர். கூப்பிட்டதும் விறைப்பாக வந்து நின்றார்.

"உன் கோட்ல ஒரு எழுத்தைக்கூட நான் தொடலம்மா. கடைசில ஒரே ஒரு வரி சேர்த்தேன்."

"அந்த வரிதாண்ணா வினை. பக்கம் திறந்ததும் என்ன ஓடணும்னு சொல்ற ஆன்லோடுக்கு நேரா சமக்குறி போட்டா, முன்னாடி அங்க இருந்ததைத் தள்ளிட்டு உங்களுது உக்காந்துக்கும். என்னோடது ஓடவே இல்ல."

"எரர் வந்திருக்கணுமே?"

"எதுக்கு வரும்? நீங்க சொன்னதைத்தானே செஞ்சிருக்கு."

விட்டிருந்தால் அந்த வரியை அப்படியே அழித்திருப்பாள். "மாப்பிள்ளை மனசு கோணாம பாரும்மா" என்று மாமனார் காதோரம் கெஞ்சினார். பல்லைக் கடித்துக்கொண்டு தன்னுடையது, அவருடையது இரண்டையும் ஆட்-ஈவென்ட்-லிசனர் முறைக்கு மாற்றினாள். அதில் எத்தனை பேர் வேண்டுமானாலும் தங்கள் வேலையைப் பதியலாம். ஒன்று மற்றதை விரட்டாது. காகிதமும் கொட்டியது, படிவமும் வந்தது.

கால் மணி நேரத்தில் ஃபோன் அடித்தது. கடைக்காரர் ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்க அண்ணனுக்கு ஒரு பெட்டி வேணும்," என்றது ஒரு கிழட்டுக் குரல். "சைட்டைத் திறந்ததும் வாழ்த்துகள்னு வந்துச்சு. உங்களுக்கும் அவரைத் தெரியுமா?"

"இல்லைங்க... உயரம் சொல்லுங்க" என்றார் கடைக்காரர்.

மாப்பிள்ளையின் முகம் சுண்டிவிட்டது. பேச்சு முடிந்ததும் அவரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"வாழ்த்தை எடுத்துடறேம்மா. காகிதம் மட்டும் இருக்கட்டுமா?"

"வேண்டாம்ணா."

"கறுப்பு கலர்ல?"

மருமகள் மாமனாரைத் தேடினாள். அவர் அளவு எழுதிய தாளோடு பட்டறைப் பக்கம் நழுவியிருந்தார்.