சூடேற அரை மணி

"கண்ண மூடிக்கிட்டுக் கேளும்மா. இதுல எது பழசு, எது புதுசு?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆஸிம் அண்ணன் இதே கூடத்தில் உட்கார்ந்து சாவித்திரியிடம் கேட்ட கேள்வி அது. ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் பூத்த ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தபோது, நினைக்க வேறு எத்தனையோ இருக்க, அதுதான் ஞாபகத்துக்கு வந்தது. துடைத்தால் புருஷன் ரெங்கசாமியின் முகம் தெரிந்தது. கையை எடுத்தால் மறுபடி ஈரம் மூடிக்கொண்டது.

விடிகாலை ஐந்து மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூன்று மணிக்குத் தூக்குவதாகப் பேச்சு.

ரெங்கசாமியும் கூத்தாநல்லூர் ஆஸிமும் சேர்ந்து முப்பத்தெட்டு வருஷமாக இன்னிசைக் குழு நடத்தினார்கள். ஆஸிம் கிடார், ரெங்கசாமி கீபோர்டு. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணமா, மாரியம்மன் கோயில் திருவிழாவா, இவர்கள் வேன் போய் நிற்கும். ரெங்கசாமியினுடையது சும்மா கீபோர்டு இல்லை. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவர் எண்பத்தாறில் கொண்டுவந்த ஜப்பான் சிந்தசைசர். கம்ப்யூட்டர் சத்தம் கிடையாது, ஓடுகிற கரண்ட்டே சத்தமாகிற பழைய சர்க்யூட். போட்டதும் வாசிக்க முடியாது. அரை மணி நேரம் சூடேறினால்தான் சுருதிக்கு வரும். வந்த பிறகும் ஒரே இடத்தில் நிற்காமல் மயிரிழை அளவுக்கு அலைந்துகொண்டே இருக்கும். அந்த அலைச்சலோடு, பாட்டு எதுவும் ஆரம்பிக்கும் முன் மூன்று நிமிஷம் ஒரு 'முதல் பீஸ்' வாசிப்பார். கேட்டதும் கொட்டகைக்கு வெளியே கடலை வாங்கிக்கொண்டிருப்பவர்கள்கூட, "ரெங்கசாமி வந்தாச்சு" என்று உள்ளே ஓடி வருவார்கள்.

"என்னத் தூக்கறதுக்கு முன்னாடி அந்த முதல் பீஸ வாசிச்சுடுங்கடா. அதுக்கப்புறம் பறை அடிங்க, வெடி போடுங்க, உங்க இஷ்டம்." வேனில் வரும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வாராம்.

அதே கம்பெனி அதே மாடலை மறுபடி செய்து விற்கிறது என்று கேள்விப்பட்டு, ஆஸிம்தான் ஒன்றை வரவழைத்தார். பாதி எடை. போட்டவுடன் பாடும். மழைக்காலத்தில் பழையதை வைக்கும் மரப்பெட்டிக்குள் அறுபது வாட் பல்பு எரிய வைத்து ஈரம் காக்க வேண்டும், இதற்கு அதெல்லாம் வேண்டாம்.

"உன் பெட்டிக்கு ஒரு ஐசி போச்சுன்னா உலகத்துல ஸ்பேர் கிடையாது ரெங்கா. அத ரிப்பேர் பண்றவனுக்கும் உனக்கும் ஒரே வயசு" என்றார் ஆஸிம்.

"புதுசு ஆணி அடிச்ச மாதிரி நிக்குதுய்யா. அலையறதுதான் அதோட உசுரு."

"கண்ண மூடிக்கிட்டா உனக்கே தெரியாது."

அப்படித்தான் பந்தயம் வந்தது. டீ கொண்டுவந்த சாவித்திரியிடமும் கேட்டார். முதலில் வாசித்தது பழசு, இரண்டாவது புதுசு. அவளுக்குத் தம்ளரைக் கீழே வைக்கும் முன்பே தெரிந்துவிட்டது. "எனக்கு என்னண்ணே தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எட்டாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க அன்றைக்கும் கூச்சம்தான்.

சமையற்கட்டு வாசலில் நின்று பார்த்தாள். ரெங்கசாமி கண்ணை மூடி, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு புதியதன் மேல் கையை வைத்து, "இதான் நம்ம பழசு" என்றார்.

ஆஸிமின் விரல் கட்டையிலேயே நின்றது.

"அடேயப்பா, கரெக்டா சொல்லிட்டியே" என்றார்.

ரெங்கசாமி முப்பது வருஷம் ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்றவர். எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே காது போக ஆரம்பித்துவிட்டது. மெல்லிய சத்தங்கள் முதலில் போயின. ஒருநாள் காலை அவர் ஹெட்போனை அவள் காதில் மாட்டிப் புருவத்தைத் தூக்கினார். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர்களில் ஒன்றை அவள் கொஞ்சம் மேலே தள்ளினாள். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். சுருதிக்கு முள் காட்டும் கருவி இருந்தது, அதை அவரே பார்த்துக்கொள்வார். அந்தச் சத்தத்தின் நிறத்துக்கு முள் கிடையாது. கச்சேரிக்குக் கிளம்பும் முன் அவள் ஒவ்வொரு ஸ்லைடரையும் வைத்து, வேனில் அசையாமல் செல்லோடேப் ஒட்டித் தருவாள். வேறு யாரும் இல்லாத வீட்டில், அவர் பக்கத்தில் இருக்கும்போதே, ஹெட்போனோடு முதல் பீஸை முழுக்க வாசித்துப் பார்ப்பாள். வெளியே யாருக்கும் ஒரு சத்தமும் கேட்காது. இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இன்றைக்கும் பதினோரு மணிக்கு, கூட்டம் மாலை வாங்கப் போனவர்களைப் பற்றிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் எழுந்து போய்ப் பழைய சிந்தசைசரின் சுவிட்சைப் போட்டுவிட்டுத் துணியால் மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

இரண்டு மணிக்குக் குழு வந்தது. குழுவில் இரண்டாவது கீபோர்டு வாசிக்கிற தமிழரசன், ஆஸிமின் புதியதைத் தூக்கிக்கொண்டு வந்தான். பழையதிலிருந்த ஸ்லைடர்களைப் பார்த்துப் பார்த்து, புதியதிலும் அதே இடங்களில் வைத்தான். வாசித்தான்.

"இது அவன் சத்தம் இல்லடா" என்றார் ஆஸிம்.

"அண்ணே, அதே கம்பெனி, அதே சர்க்யூட், அதே அளவு. நூல் பிடிச்ச மாதிரி வச்சிருக்கேன்."

"வச்சிருக்க. ஆனா அவன் இல்ல."

தமிழரசன் சலித்துக்கொண்டு பழையதின் துணியை விலக்கினான். "அட, ஆன்லயே இருக்கு!" ஸ்பீக்கரில் இணைத்து வாசித்தான். முதல் நாலு சுரம் வந்ததும் ஆஸிம் நிமிர்ந்தார். ஐந்தாவது சுரத்தில் ஐஸ் பெட்டியின் கம்ப்ரஸர் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. கரண்ட் இறங்கி டியூப்லைட் மங்கியது. சுருதி அப்படியே சரிந்து, மாடு கத்துவதுபோல் ஆனது. வாசலில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"பாத்தீங்களா? இதுக்குத்தான் சொன்னேன், பழசெல்லாம் ஷோகேஸ்ல வைக்கத்தான்" என்றான் தமிழரசன். "புதுசுலயே வாசிச்சுடறேன். ஜனங்களுக்கு என்ன தெரியப்போவுது?"

ரெங்கசாமியின் அக்கா தையல்நாயகி மூக்கைச் சிந்திக்கொண்டே, "எதையாவது வாசிச்சு முடிங்கப்பா. பறைக்காரங்க காத்துக்கிட்டு நிக்கிறாங்க" என்றாள்.

சாவித்திரியின் கை கண்ணாடி மேல் நின்றது. எழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். பேச்சை இழுத்தால் அவர் காது போனது வரைக்கும் வெளியே வரும். முப்பத்தெட்டு வருஷப் பேரை, அவரைத் தூக்குகிற நேரத்தில் அவளே பிடுங்கிப் போடுவதா? எழுந்திருக்காவிட்டால் வேறு யாரோ ஒருத்தனுடைய சத்தத்தில் அவர் போவார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஐஸ் பெட்டிய நிறுத்துங்க" என்றாள்.

முதலில் யார் பேசியதென்றே யாருக்கும் புரியவில்லை.

"என்னடி சொல்ற?" என்றாள் தையல்நாயகி.

"நிறுத்துங்க அண்ணி. இன்னும் ஒரு மணி நேரத்துல தூக்கத்தானே போறோம்? அவரு ஒன்னும் சொல்ல மாட்டாரு."

ஆஸிம்தான் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். உறுமல் நின்றது. டியூப்லைட் பளிச்சென்று ஆனது. காலையிலிருந்து அந்த வீட்டில் அப்படியொரு அமைதி வரவில்லை.

சாவித்திரி தமிழரசன் பக்கத்தில் போய் நின்றாள். அவன் என்ன ஏதென்று கேட்காமல் எழுந்து வழிவிட்டான். அவள் செல்லோடேப்பை நகத்தால் உரித்தாள். ஒரு சுரத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சுருதி திரும்பி வரும்வரை காத்திருந்தாள். வந்தது. ஒரு ஸ்லைடரை அரிசி அளவு இறக்கினாள். இன்னொன்றைத் தொட்டாள், வேண்டாமென்று விட்டாள்.

பிறகு வாசித்தாள்.

காதுக்குள் மட்டுமே கேட்டுப் பழகிய சத்தம் முதல் தடவையாகச் சுவரில் பட்டது. அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. கை நிற்கவில்லை. மூன்றாவது வரியில் இடது கையால் ஸ்லைடரை மெல்ல ஏற்ற வேண்டும், கதவைத் திறந்து வெயிலை உள்ளே விடுவதுபோல. ஏற்றினாள். அந்தச் சத்தம் கூடத்தை நிறைத்து, வாசல் பந்தலைத் தாண்டி, தெருவுக்குப் போய், வாய்க்கால் கரையில் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தவர்கள் வரைக்கும் போனது. நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்த பறைகளை எடுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டு பறைக்காரர்கள் அசையாமல் நின்றார்கள். உள்ளே நடப்பது தெரியாத யாரோ ஒருவர் பந்தலுக்கு வெளியிலிருந்து பழக்கதோஷத்தில் உரக்கச் சொன்னார்:

"ரெங்கசாமி வந்தாச்சு!"

யாரும் அவரை அதட்டவில்லை. சாவித்திரி கடைசிச் சுரத்தை அது தானாக அடங்கும்வரை பிடித்திருந்தாள்.

தையல்நாயகிதான் முதலில் பேசினாள். அழுகையும் பெருமையுமாகக் கூட்டத்தைப் பார்த்து, "என் தம்பி எப்படிச் சொல்லிக்குடுத்து வச்சிருக்கான் பாருங்க!" என்றாள்.

"ஆமா அண்ணி" என்றாள் சாவித்திரி.

ஆஸிம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிமிரவில்லை.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. குளிப்பாட்டினார்கள், பூப்போட்டார்கள், தூக்கினார்கள். பறை தெருமுனை திரும்பி ஆற்றுப் பக்கம் போய்த் தேய்ந்தது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்வதில்லை.

வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த தமிழரசன் மெதுவாகக் கேட்டான்: "அத்தை, நானும் தேடிப்பிடிச்சுப் பழசே ஒன்னு வாங்கிடட்டுமா?"

"புதுசயே வாங்குப்பா. பழசுன்னா இன்னைக்கு மாதிரி பொழப்பு சிரிச்சுப் போயிடும்."

"அப்ப அந்தச் சத்தம்?"

"அதுலயும் வரும். ஸ்லைடர் இருக்கிற இடத்தப் பாத்து வைக்காத. தெனமும் அரை மணி நேரம் அதுகூட உக்காரு. பழசு சூடேற அரை மணி ஆவும்ல, அந்த அரை மணி."

அவன் தலையாட்டிவிட்டுப் புதியதைத் தோளில் மாட்டிக்கொண்டு வேனுக்குப் போனான்.

ஆஸிம் மட்டும் நின்றார். மயானத்துக்குப் போக பைக் சாவி கையில் இருந்தது. குழுவின் ஸ்டாண்டைத் தமிழரசன் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். ரெங்கசாமி நின்று வாசிக்கிற உயரத்துக்கு முறுக்கி வைத்த ஸ்டாண்டு. ஆஸிம் அதை எடுத்துப் பழைய சிந்தசைசர் பக்கத்தில் விரித்தார். சாவித்திரியை ஒருமுறை தலையிலிருந்து கால்வரை அளவு பார்த்தார். திருகைத் தளர்த்தி இரண்டு துளை கீழே இறக்கி, மறுபடி இறுக்கினார். ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.