ஒற்றை முள்

தோளில் மாட்டிய பையை இறக்காமலே தம்பி மனைவி கூடத்துச் சுவரைப் பார்த்து நின்றாள். மணி ஐந்தாகப் போகிறது. படகுப் பட்டறையில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

“அண்ணி, இந்தக் கடிகாரம் எப்ப ஓட ஆரம்பிச்சுது?”

“காலையில நான்தான் பேட்டரி போட்டேன்.”

குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது, மறைப்பானேன். வந்து பத்து நாளாகிறது, இந்த வீட்டில் என்னை ஒரு துரும்பைக்கூட நகர்த்த விடுவதில்லை. நின்றுபோன கடிகாரமாவது கைக்குக் கிடைத்ததே என்று நாற்காலி போட்டு ஏறினேன். ஒரே முள்தான் இருந்தது. நிமிட முள் கழன்று விழுந்திருக்கும் என்று சோபாவுக்கு அடியில்கூடத் தேடினேன். எண்களும் ஏறுமாறாக இருந்தன. எவனோ தூக்கக் கலக்கத்தில் அச்சடித்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, வழக்கமாகப் பத்து இருக்கும் இடத்துக்கு முள்ளைத் திருப்பிவிட்டு இறங்கினேன். அப்போது மணி பத்து.

சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“அது மணி பாக்குறது இல்ல அண்ணி, கடல் பாக்குறது. முள்ளு உச்சியில நின்னா தண்ணி முழுசா ஏறியிருக்கு. அடியில நின்னா முழுசா இறங்கியிருக்கு. ஒரு சுத்துக்குப் பன்னெண்டு மணி இருபத்தஞ்சு நிமிஷம். கடல் ஏறி நிக்கிற நேரம் பாத்துத்தான் முள்ளை உச்சியில வைக்கணும். அவர் எங்க?”

தம்பி நான்கு மணிக்கே கிளம்பியிருந்தான். கரையிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு பாறை, அதன்மேல் படகுகளுக்கான விளக்கு. அதைப் பழுதுபார்ப்பது அவன் வேலை. மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. தண்ணீர் வடிந்தால் மணல்வழி தெரியும், நடந்தே போகலாம். போகும்போது கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தான்; ஓடுவதைப் பார்த்து, மனைவிதான் சரியாக வைத்திருக்கிறாள் என்று நினைத்திருப்பான். “இன்னும் ரெண்டு மணி நேரம் இறங்கும்க்கா. எட்டு வரைக்கும் வழி இருக்கும்.” டீயைக்கூட நிதானமாகத்தான் குடித்தான்.

“நேத்து ஒரு மணிக்குப் படகெல்லாம் தரை தட்டி நின்னுச்சு,” என்றாள். “தினமும் அம்பது நிமிஷம் தள்ளிப்போகும். அப்ப இன்னைக்கு ரெண்டு மணிக்கே இறங்கி முடிஞ்சிருக்கும். அவர் போறப்ப தண்ணி ஏறிக்கிட்டிருந்திருக்கு.”

பாதித் தண்ணீர் இறங்கும்போதும் ஏறும்போதும் ஒரே உயரம்தான். சற்று நேரம் நின்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். வீட்டில் கடிகாரம் இருக்கும்போது அவன் எதற்கு நின்று பார்க்கப் போகிறான்.

கைபேசியில் அழைத்தாள். பிரிட்ஜ் மேல் மணி அடித்தது. நனைந்துவிடும் என்று வைத்துவிட்டுப் போயிருந்தான்.

ஓடினோம். பத்து நாளாக நான் புலம்பிய முழங்கால் வலி எங்கே போயிற்றோ தெரியவில்லை. மணல்வழி ஒரு பாய் அகலத்துக்குச் சுருங்கியிருந்தது. அவள் செருப்பை உதறிவிட்டு இறங்கப் போனாள். கையைப் பிடித்துக்கொண்டேன்.

“நீச்சல் தெரியுமா?”

அவள் கையை உதறிக்கொள்ளப் பார்த்தாள். கையை விட எனக்குத் தைரியம் வரவில்லை. என்னால் வந்தது, வேறு யாராலும் இல்லை.

எதிர்க்காற்றில் கத்தியது எங்களுக்கே கேட்கவில்லை. துப்பட்டாவை அவிழ்த்து வீசிக் காட்டினாள். அவன் பாறைமேல் முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தான். வெகுநேரம் கழித்துத் திரும்பினான். எழுந்து கையை அசைத்தான். பிறகு கையை மூன்று தடவை உயர்த்திக் காட்டினான், இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது என்று.

காட்டிவிட்டு மறுபடி விளக்கின் பக்கம் குனிந்துகொண்டான். நடுவழியில் இரண்டு பக்கத்துத் தண்ணீரும் ஒன்றையொன்று தொட்டன.