மாட்டுக்கொட்டகையில் பெய்த மழை

பொற்கொடி ஸ்வீட் பாக்கெட்டோடு வந்து இறங்கியபோது, அருணாவின் வீட்டுக் கூடத்தில் சிங்காரப்பேட்டைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை வந்து பெண் பார்த்து, பிடித்துப்போய், இன்று அவள் மகள் பிரியாவுக்குப் பூ வைக்க வந்திருந்தார்கள். இந்த நேரம் பார்த்தா இவள் வர வேண்டும்?

பொற்கொடி பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறவள். விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் துகள் ஒன்று காற்றில் மோதிச் சிதறும். சிதறியவை மறுபடி மோதிச் சிதறி, கண்ணுக்குத் தெரியாத மழையாகத் தரையில் இறங்கும். அதைப் பிடிக்கத்தான் பாரூர் வாய்க்காலோரம் அருணா வீட்டுக் கரும்புக் காடுகளில் நான்கு பெட்டிகளை வைத்திருந்தாள், ஒன்றுக்கொன்று ஒரு கிலோமீட்டராவது தள்ளி. நான்கும் ஒரே நொடியில் துடித்தால் மழை அவ்வளவு அகலம், வந்த துகளுக்கு அவ்வளவு ஆற்றல். அப்படியொன்று வருவது அபூர்வம். பெட்டிகளை அணைக்கக் கூடாது என்பது மட்டுமே அவள் அருணாவிடம் கேட்டுக்கொண்ட உதவி.

அருணா அணைக்கவில்லை. வினையே அதுதான். பெட்டிக்குள் கதிர்வீச்சு இருக்கிறது, அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கரு தங்காது என்று ஊரில் எவளோ கொளுத்திப்போட்டிருந்தாள். பெண் பார்க்க வருகிறவர்கள் வழியெல்லாம் பெட்டியைப் பார்த்துக்கொண்டா வருவார்கள்? போன ஞாயிற்றுக்கு முந்தின நாள், கணவர் விஜயகுமார் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, டெம்போக்காரர் கங்கப்பனைக் கூப்பிட்டு, நான்கையும் பாட்டரியோடு அள்ளிவந்து மாட்டுக்கொட்டகையில் வரிசையாக வைத்துச் சாக்குப் போட்டு மூடினாள். பெட்டிகளின் விளக்கு எரிகிறதா என்றுகூடக் குனிந்து பார்த்தாள். விருந்தாளிகள் போனபிறகு பழைய இடத்திலேயே திரும்ப வைத்தும் விட்டாள்.

"அண்ணா, போன ஞாயித்துக்கிழமை நாலு பெட்டியும் ஒண்ணா அடிச்சிருச்சு!" என்றாள் பொற்கொடி. "ஊரு அகலத்துக்குப் பேஞ்சிருக்குங்க. எங்க பெட்டியில இத்தன பெருசு வந்ததே இல்ல."

விஜயகுமாருக்குத் தலைகால் புரியவில்லை. சம்பந்திகளுக்கு முன்னால் தன் நிலம் வானத்தையே பிடித்துவிட்டதல்லவா! அருணாவுக்கு மட்டும்தான் உண்மை தெரியும். ஊர் அகலத்துக்கு எங்கே பெய்தது? கொட்டகை அகலத்துக்குத்தான்; அடுத்தடுத்து இருந்ததால் சின்ன மழையே நான்கையும் தொட்டுவிட்டது. பெட்டிகளின் இடத்தைக் கம்ப்யூட்டரிடம் ஒருமுறை சொல்லிவைத்ததோடு சரி, அதற்கு மாட்டுக்கொட்டகை தெரியாது.

"அன்னிக்குப் பெட்டிகிட்ட யாரும் போகலியேக்கா?"

"யாரு போறாங்க? வெச்ச எடத்துலயேதான் இருந்துச்சு." அருணாவின் வாய் முந்திக்கொண்டது.

"நீங்க சொன்னா போதும்க்கா. நாளைக்கு மாநாட்டு மேடையில தைரியமா சொல்லிருவேன்."

போதுமாம். தன் சொல்லை நம்பி ஒரு பெண் மேடையேறப் போகிறாள்.

"சொல்லாதம்மா," என்றாள் அருணா. "நாலும் நம்ம கொட்டாயில இருந்துச்சு. நான்தான் மறச்சு வெச்சேன்."

"எதுக்குங்க மறைக்கணும்?" என்று மாப்பிள்ளையின் அம்மா மாதேஸ்வரி கேட்டாள்.

"நீங்க... கதிருன்னு பயந்து, பொண்ணு வேண்டாம்னுருவீங்களோன்னு..."

மாதேஸ்வரி மகனைத் திரும்பிப் பார்த்தாள். "குவாலிட்டியில வேலைன்னு தரகர் சொன்னாரே, என்ன வேலைன்னு கேக்கலீங்களா? ஓசூர் கம்பெனியில இரும்பு வார்ப்புக்கெல்லாம் விரிசல் இருக்கான்னு எக்ஸ்ரே புடிக்கறதுதான் இவன் வேல. இதச் சொன்னா நீங்க பொண்ணு குடுக்க மாட்டீங்களோன்னு நாங்கதான் பயந்துட்டு இருந்தோம்."

யாரும் சிரிக்கவில்லை. பிரியா தலை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்துகொண்டாள்.

பொற்கொடி கத்தியிருந்தால் தேவலை. அவள் வாசலுக்குப் போய்த் தன் மேலதிகாரிக்குப் போன் போட்டாள். "சார், அந்த ஞாயித்துக்கிழமைக் கணக்கு தப்பு சார். இல்ல, ஊர்க்காரங்க ஒண்ணும் பண்ணல. நேர்ல வந்து பாக்காம உங்களுக்குச் சொன்னேன். என் தப்புதான்."

அருணா பூத்தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். "போனக் குடும்மா," என்று கையை நீட்டினாள். "எவ பண்ணுனாளோ அவ பேரச் சொல்லு. அருணான்னு சொல்லு."