சிவப்புப் புள்ளியும் பழைய பதிப்பும்

எம்பிராய்டரி கடைக்காரிக்குப் புருஷன்மேல் ஒரே ஒரு குறைதான். கண்ணில் பட்ட பட்டனை அழுத்தாவிட்டால் அந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது. அவரோடு லிஃப்டில் ஏறினால் எல்லா மாடியையும் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அன்று காலை கடைக் கம்ப்யூட்டரில் ரூட்டரின் பக்கம் திறந்து கிடந்தது. ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று மினுக்கியது. அழுத்திவிட்டார்.

ரூட்டர் செத்துப் பிழைத்தது. கம்ப்யூட்டர் அதோடு சேர்ந்துகொண்டது, போன்களும் சேர்ந்துகொண்டன. எம்பிராய்டரி மெஷின் மட்டும் சேரவில்லை. கிழட்டு மெஷின் அது. பழைய வகைப் பூட்டுப் போட்ட வை-ஃபையோடு மட்டும்தான் பேசும். புதிய பதிப்பு அந்தப் பூட்டையே தூக்கி எறிந்திருந்தது. போனிலிருந்து வை-ஃபை கொடுத்துப் பார்த்தாள். அதற்கும் மெஷின் மசியவில்லை. பென் டிரைவ் செருகலாம் என்றால், அந்தத் துளையைப் போன வருஷமே தலைகீழாகக் குத்தி உடைத்தது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மேஜைமேல் கால்பந்து அணியின் பனியன்கள் மலையாகக் கிடந்தன. பாதிக்கு முதுகில் பெயர் ஏறியிருந்தது, மீதி மொட்டை. சாயங்காலம் ஆட்டம். இது நல்லபடியாக முடிந்தால் மற்ற அணிகளையும் இழுத்து வருவதாக அணியின் மேனேஜர் சொல்லியிருந்தார். போன மாதம் முழுக்க ஈ ஓட்டிய கடைக்கு அது சின்னப் பேச்சல்ல.

தம்பியைக் கூப்பிட்டாள். அவன் அலுவலகங்களுக்கு நெட்வொர்க் கேபிள் போடுகிறவன். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தான்.

"என்ன மச்சான், இன்னிக்கு எதை அமுக்குனீங்க?"

"செவப்பா இருந்துச்சு மாப்ள."

"சிக்னல்கூடத்தான் செவப்பா இருக்கு. அதையும் அமுக்குவீங்களா?"

"கைக்கு எட்டினா அமுக்குவாரு," என்றாள் அவள். "நீ வேலையைப் பாரு."

தம்பி ரூட்டரைக் கவிழ்த்து அடியிலிருந்த ஸ்டிக்கரைப் படித்தான். "பழைய பதிப்பைத் திரும்ப ஏத்திட்டா போதும்க்கா. ஆனா இதே மாடலோடதா இருக்கணும். வேற மாடலோடதை ஏத்தினா, அப்புறம் இதைத் துணி பறக்காம மேல வைக்கத்தான் வச்சுக்கலாம்."

கம்பெனியின் தளத்தில் புதிய பதிப்பு மட்டுமே இருந்தது. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் காப்பகத்துக்குப் போனான். கம்பெனியின் பழைய பக்கம் அங்கே இருந்தது. பதிப்பின் எண் இருந்தது, கோப்பின் அளவுகூட இருந்தது. அழுத்தினால் கோப்பைக் காணோம்.

"விலாசம் இருக்கு, வீட்டைக் காணோம்."

ஒரு தளத்தில் யாரோ இதே பதிப்பைக் கேட்டு அழுதிருந்தார். கீழே அவரே, 'கிடைத்துவிட்டது, நன்றி' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்.

"எங்க கிடைச்சதுன்னு சொன்னா வாயிலருந்து முத்து உதிர்ந்துடுமாய்யா?" என்று தம்பி திரையைப் பார்த்துக் கத்தினான். இன்னொரு தளம் தருவதாகச் சொன்னது. அதில் கூடவே என்னென்ன வைரஸ் வருமோ என்று மூடிவிட்டான். முகம் தொங்கிப்போயிருந்தது.

அவன் தண்ணீர் குடிக்க எழுந்த இடைவெளியில் மச்சான் மவுஸைப் பிடித்தார். காப்பகத்தின் செத்த இணைப்பை அழுத்தினார். டக். டக். டக் டக் டக்.

"ஏங்க, அதான் இல்லன்னு சொல்றானே!"

"விடாம அமுக்கினா வரும்."

அவளுக்கு அந்தச் சத்தம் எங்கேயோ இடித்தது. ரூட்டர் வாங்கிய புதிதில் அடிக்கடி அறுந்துபோகும். கம்பெனிக்காரன் போனில் ஏதோ கோப்பை இறக்கச் சொன்னான். அன்றிருந்த லேப்டாப்பின் திரையில் ஒன்றும் தெரியவில்லை என்று இதே மனுஷன் இதே மாதிரி டக் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பிளக் லூஸ் என்று தெரிந்தது. கோப்பை எல்லோரும் மறந்தார்கள்.

"நம்ம பழைய லேப்டாப் எங்கங்க?"

"எதுக்கு? மானிட்டர் ஆடுதுன்னு அடியில முட்டுக் கொடுத்திருக்கேன்."

மூன்று பேரும் மானிட்டரைப் பார்த்தார்கள். காலையிலிருந்து கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார்கள்.

லேப்டாப் முக்கி முனகித் திறந்தது. டவுன்லோடு ஃபோல்டரில் ஒரே பெயரில் கோப்புகள் வரிசை கட்டி நின்றன. தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "உலகத்துல யாருகிட்டயும் இல்லாதது, மச்சான்கிட்ட மூட்டையா இருக்கு!"

ஸ்டிக்கரோடும் காப்பகத்திலிருந்த அளவோடும் ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தான். எல்லாம் பாதியில் அறுந்தவை. கடைசி ஒன்றுதான் முழுசு. விடாமல் அழுத்தியதில் வந்தது.

ஏற்றும்போது யாரும் எதையும் தொடக்கூடாது என்றான். மச்சான் தானாகவே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ரூட்டரின் விளக்கு அணைந்தது. அவள் மெஷின் பக்கம் போய் நின்றாள். விளக்கு எரிந்தது. மெஷின் ஒரு தடவை கீச்சிட்டு, விட்ட இடத்திலிருந்து ஊசியை இறக்கியது.

மேனேஜர் வந்தபோது கடைசிப் பனியனில் நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் முதுகுப் பெயர்களைத் தடவிப் பார்த்து, அடுத்த வாரம் இன்னொரு அணியோடு வருவதாகச் சொன்னார்.

"நான் அன்னிக்கே யோசிச்சுத்தான் இறக்கி வச்சேன்," என்றார் மச்சான்.

திரையின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி மறுபடி மினுக்கியது. அவர் விரல் துடித்தது.

"தொட்டீங்க, அடுத்த டிசைன் துணியில இல்ல, உங்க கையிலதான்," என்றாள். வெட்டியெறிந்த துணித்துண்டு ஒன்றை எடுத்து அந்த மூலையில் ஒட்டினாள்.

அவர் கையைப் பையில் விட்டுக்கொண்டு மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"சார், மைதானத்துல ஸ்கோர் போர்டு இருக்கே, அதோட பட்டனை அமுக்குறதுக்கு ஆள் இருக்கா?"