புனிதரின் தாடி

கோயிலின் ஐம்பதாவது ஆண்டு நிறைவுக்குச் சரியாகப் பத்து நாள் இருக்கும்போது, பாதுகாவலரான புனிதரின் தாடி ஈரத்துணியோடு கையில் வந்துவிட்டது.

புதிதாக வந்திருந்த பங்குச் சாமியார் கொஞ்சம் அதிகமாகவே சுறுசுறுப்பான மனிதர். ஏணி போட்டு ஏறி, சிலையின் முகத்திலிருந்த மெழுகுவர்த்திப் புகையைத் துடைக்கப் போனார். முதல் தேய்ப்பில் மீசை போயிற்று. இரண்டாவது தேய்ப்பில் தாடியும் போயிற்று. மூன்றாவதாகத் தேய்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. தாடி இருந்த இடத்தில் மழுமழுவென்று ஒரு மோவாய், அதில் குறுக்கே ஒரு விரிசல். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அது ஒரு பெண்ணின் முகம்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த தையல்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் பாடு அப்படி. கோயில் நாளன்று மாலை நடக்கும் நாடகத்தில் பதினெட்டு வருடமாக அவர்தான் புனிதர். அதற்காகவே வருடம் முழுக்கத் தாடி வளர்த்தார். துணி வெட்டும்போது அது கத்தரிக்கோலில் சிக்கும், குழம்பு ஊற்றினால் பாதி அங்கேயே தங்கும், அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். ஆனாலும் தெருவில் போகும்போது நாலு பேர் "புனிதரே, சட்டை எப்ப ரெடி?" என்று கேட்கிறார்களே, அந்தச் சுகம் வேறு எதில் கிடைக்கும்?

"ஃபாதர், திரும்ப வரைஞ்சிடலாம். என்கிட்ட துணிக்கு மார்க் போடுற சாக்பீஸ் இருக்கு" என்றார் அவசரமாக.

சாமியார் ஏணியிலிருந்து இறங்கி, அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழுதுபார்ப்பு நோட்டை எடுத்தார். கோயில் கட்டிய காலத்து நோட்டு. ஐம்பது வருடமாக அதை எவரும் திறந்ததில்லை என்பதற்கு உள்ளே நசுங்கிக் கிடந்த பல்லியே சாட்சி. முதல் பக்கத்தில் யாரோ ஒரு பெயிண்டர் எழுதியிருந்தார்:

"பெட்டியிலிருந்து இறக்கும்போது சிலையின் மோவாய் விரிந்துவிட்டது. பூசினேன், நிற்கவில்லை. தாடி வரைந்து மறைத்திருக்கிறேன். சாமியாருக்குக் கண் சரியாகத் தெரியாது, ஆகவே சொல்லவில்லை."

இவ்வளவுதான் விஷயம். வாசலில் இருந்த பெயர்க்கல்லிலோ 'புனித' என்பதோடு சரி, மீதியைச் சுண்ணாம்பு விழுங்கிவிட்டது. ஆக ஐம்பது வருடமாக ஒரு ஊரே ஒரு பெயிண்டரின் சமாளிப்பைப் பார்த்து, "தாடிக்காரர் கோயில்" என்று சொல்லிக் கும்பிட்டிருக்கிறது. போதாக்குறைக்கு ஒரு வாழ்க்கை வரலாறே வேறு கட்டிவிட்டார்கள். புனிதர் தாடிக்குள் ரொட்டியை ஒளித்துக் கொண்டுபோய்ச் சிறைக் கைதிகளுக்குக் கொடுத்தாராம். அந்தக் காட்சியில் தையல்காரர் தாடியிலிருந்து ஏழு ரொட்டி எடுப்பார். கைதட்டல் கூரையைப் பிய்க்கும்.

சிலையோடு வந்த உண்மையான வரலாறு அந்த நோட்டுக்குள்ளேயே மடிந்து கிடந்தது. சாமியார் வாசித்தார். புனிதர் ஒரு சாதாரணப் பெண். அரசன் பிடித்துச் சிறையில் அடைத்த கிறிஸ்தவர்கள் அடி தாங்காமல் ஜெபங்களையே மறந்து போனார்கள். அவர் தினமும் மாலையில் சிறைச் சுவருக்கு இந்தப் பக்கம் மறைந்து நின்று, ஒவ்வொரு ஜெபத்துக்கும் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுப்பார். உள்ளே இருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மீதியைச் சொல்லி முடிப்பார்கள். கடைசிவரை அவர் முகத்தை எவரும் பார்த்ததில்லை. குரலை மட்டும்தான் தெரியும்.

"அருமையான வாழ்க்கை! இந்தத் தடவை நாடகம் இதுதான்" என்றார் சாமியார்.

"அப்ப என் வேஷம் ஃபாதர்?"

"ஒரு அம்மா யாராச்சும் நடிச்சா நல்லா இருக்கும்."

தையல்காரர் நேராகக் கடைக்குப் போனார். அன்று கடையில் ஒரு பேண்ட்டுக்கு மூன்று கால் வெட்டினார்.

"புனிதர் வேஷம் போனா நான் யாரு? வெறும் தையல்காரன். தெருவுல ஒரு நாய் திரும்பிப் பார்க்காது" என்று மனைவியிடம் புலம்பினார்.

சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அவள் நிமிரவில்லை. "மொதல்ல அந்த மூணாவது காலைப் பிரிங்க" என்றாள்.

மறுநாள் காலை அவர் செய்த காரியம் இருக்கிறதே, சொன்னால் சிரிப்பீர்கள். பதினெட்டு வருடத் தாடியை மழித்துக்கொண்டு, தானே தைத்த நீல அங்கியை மாட்டிக்கொண்டு, சாமியார் முன்னால் போய் நின்றார். சாமியார் அவரை அடையாளம் தெரியாமல், "பாவசங்கீர்த்தனம் சாயந்தரம்தாம்மா" என்றார்.

"நான்தான் ஃபாதர். ஒரே ஒரு ஒத்திகை. சரியில்லன்னா நானே ஒதுங்கிக்கிறேன்."

அழுதுவிடுவார் போலிருந்தது. சாமியார் மனம் இளகிச் சரி என்றார்.

ஒத்திகை மண்டபத்தில் அட்டையால் ஒரு சிறை ஜன்னல் செய்து வைத்திருந்தார்கள். அதற்குள் கைதியாக, ஒரு ஆட்டையே தோளில் தூக்கும் கசாப்புக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். தையல்காரரின் மனைவி வழக்கம்போல வசனச் சீட்டோடு திரைக்குப் பின்னால் போய் முக்காலியில் அமர்ந்தாள். பதினெட்டு வருடமாக அவள் இடம் அதுதான். தையல்காரருக்கு நடிப்பு வரும், கண்ணீர் வரும், வசனம் மட்டும் வராது.

"தாயே! எனக்கு ஜெபம் மறந்து போச்சே!" என்று கசாப்புக்கடைக்காரர் கதறினார்.

தையல்காரர் கையை உயர்த்தினார். வாயைத் திறந்தார். மூளைக்குள் துடைத்து வைத்த மாதிரி ஒன்றுமே இல்லை. ஒரு சிறைக்கே ஜெபத்தை நினைவூட்ட வேண்டிய புனிதருக்கே ஜெபம் மறந்துவிட்டது.

திரைக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது: "பரலோகத்தில்..."

தையல்காரர் அதை வாங்கிச் சொல்வதற்குள் கசாப்புக்கடைக்காரர் முந்திக்கொண்டு, "இருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பித்துவிட்டார்.

"யோவ், நான் சொன்னப்புறம்தான்யா நீ சொல்லணும்!"

"அண்ணே, எனக்கு அங்கேருந்தே காதுல விழுதே. நடுவுல நீங்க எதுக்கு?"

மண்டபமே கொல்லென்று சிரித்தது. சாமியார்கூட வாயைத் துணியால் மூடிக்கொண்டார். தையல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. உயர்த்திய கையை இறக்க மறந்து, திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். மறைந்து நின்று முதல் வார்த்தையை எடுத்துக் கொடுப்பவர், முகத்தை எவரும் பார்த்ததில்லை, குரலை மட்டும்தான் தெரியும். அட, மடையா, என்று தன்னையே திட்டிக்கொண்டார். பதினெட்டு வருடம் புனிதரை முக்காலியில் உட்கார வைத்துவிட்டு நீ தாடியைத் தடவிக்கொண்டிருந்தாய்!

திரையை விலக்கினார். அவள் பதறி எழுந்தாள். "என்னங்க, அடுத்த வரியும் மறந்துட்டீங்களா?"

"எந்திரிச்சு வா. இந்த வேஷம் உன்னோடது."

"ஐயையோ, என்னைப் போய்... இருக்கிற வேலை போதாதா?"

"வசனம் யாருக்குத் தெரியும்? எனக்கா, உனக்கா?"

அவள் வசனச் சீட்டை அவர் கையில் திணித்தாள். காது சிவந்துவிட்டது.

அங்கியைக் கழற்றி அங்கேயே தையலைப் பிரித்தார். தோளில் இரண்டு இஞ்சு, இடுப்பில் நாலு இஞ்சு, நீளத்தில் ஒரு சாண் குறைக்க வேண்டும். "அளவு எடுக்க வேண்டாமா?" என்று சாமியார் கேட்டார்.

"வேண்டாம் ஃபாதர். இது ஒண்ணுதான் எனக்கு எப்பவும் மறக்காது" என்றார் தையல்காரர்.

கோயில் நாள் மாலை மண்டபத்தில் எள் போட இடமில்லை. ஏழு ரொட்டி வராது என்று தெரிந்து முன்வரிசைப் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தன. நீல அங்கி அளவெடுத்த மாதிரி பொருந்த, அவள் சிறைச் சுவரோரம் வந்து நின்றாள். கசாப்புக்கடைக்காரர் கதறினார். அவள் முதல் வார்த்தையைச் சொன்னாள். பதினெட்டு வருடம் திரைக்குள் அடங்கிக் கிடந்த குரல் கடைசி பெஞ்சுவரை போயிற்று. முகத்தைத் தூக்கியிருந்த பிள்ளைகளும் சேர்ந்து ஜெபம் சொல்ல ஆரம்பித்தன.

திரைக்குப் பின்னால் முக்காலியில் தையல்காரர் இருந்தார். கையில் வசனச் சீட்டு. கண்ணில் தண்ணீர் கட்டி, எழுத்தெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிட்டது. எந்தப் பக்கம், எந்த வரி, ஒன்றும் புரியவில்லை. இப்போது அவள் மறந்து தொலைத்தால்? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சீட்டைத் தலைகீழாகத் திருப்பினார், மறுபடி நேராக்கினார்.

மேடையில் அவள் மெதுவாகத் திரையோரம் நடந்து வந்தாள். முகத்தைத் திருப்பாமல், உதடு மட்டும் அசைய, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"மூணாம் பக்கம், நாலாவது வரி. அழாம பாருங்க."