ஈஸ்டர் ஞாயிற்றில் இடி எங்கே

முந்தைய பங்குச்சாமியார் இருமுவார். காணிக்கை நேரத்தில் பீடத்துக்குத் தூபம் காட்டி முடித்ததும் கோயிலே அதிர ஓர் இருமல். மேல்மாடத்தில் குழாய் ஆர்கன் வாசிக்கும் அன்செல்ம் கெரினெலுக்குக் கண் தெரியாது; அந்த இருமலைக் கேட்டுத்தான் வாசிப்பை முடித்துக்கொள்வார். பாரிஸில் பார்வையற்றோர் பள்ளியில் படித்து, லுவார் நதிக்கரையிலிருந்த இந்தச் சிற்றூருக்கு வந்த நாள் முதல் அப்படியே நடந்தது. ஞாயிறு கோயில், மற்ற நாள் ஊர்ப்பிள்ளைகளுக்குப் பாட்டும் பியானோவும்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத் தொடக்கத்தில் புதிய சாமியார் த்ரெயோரெல் வந்தார். இவருக்கு இருமல் கிடையாது. தவக்காலத்தில் ஆர்கன் மூடியிருக்கும்; நடுவே ஒரே ஒரு ஞாயிறு திறக்கலாம். அன்றைக்கு அன்செல்ம் எல்லாக் குழாய்களையும் திறந்து, வராத இருமலுக்காக வாசித்துக்கொண்டே இருந்தார். கீழே சாமியார் பாடிய செபம் ஒருவர் காதிலும் விழவில்லை.

பூசை முடிந்ததும் சாமியார் மாடமேறி வந்தார்.

"ஏனய்யா, பூசை வைக்கிறது நானா, நீரா?"

"மன்னிக்கணும் சாமி. நீங்க ஆரம்பிச்சது தெரியல."

"ஆர்கன் மேல மாட்டின கண்ணாடியில பீடத்தைப் பார்த்து வாசிக்கிற ஆள் எனக்கு வேணும். ஈஸ்டர் அன்னைக்கும் இப்படி ஆச்சுன்னா, உம்ம மாணவி க்ளோத்தில்ட் உட்காரட்டும்."

சேதி கேட்டு க்ளோத்தில்ட் ஓடி வந்தாள். "சார், நான் பக்கத்துல நின்னு தோளைத் தட்டுறேன்."

"இன்னைக்குத் தோளைத் தட்டுவ. நாளைக்கு 'கொஞ்சம் தள்ளுங்க சார்'னுவ."

"தள்ளினா என்ன, உங்களவிட நல்லாவே வாசிப்பேன்!"

"வாசிப்ப. நான் செத்த பிறகு வாசி."

மறுநாளிலிருந்து அன்செல்ம் தினமும் காலைப் பூசைக்குப் போனார். மூடிய ஆர்கன் முன்னால் உட்கார்ந்து காதை மட்டும் கீழே அனுப்பினார். காணிக்கை முடிந்ததும் சாமியார் மக்கள் பக்கம் திரும்பி, செபிக்கச் சொல்லி ஒரு வரி சொல்வார். சின்னக் குரல். ஆனால் மாடம்வரை வந்தது.

ஈஸ்டர் வந்தது. காணிக்கைக்கு ஊரே இடி முழக்கத்தை எதிர்பார்த்தது. அன்செல்ம் புல்லாங்குழல் போல் மெல்லிய ஓசை தரும் குழாய் வரிசை ஒன்றை மட்டும் திறந்தார்.

"பண்டிகைக்குத் தாலாட்டா சார்?" மாடத்துப் பாடகர் வரிசையிலிருந்து க்ளோத்தில்ட் கிசுகிசுத்தாள்.

"பேசாத. காது வேணும்."

தூபக்கலசச் சங்கிலி கிலுகிலுத்தது. ஓய்ந்தது. அந்தச் சின்னக் குரல் எழுந்தது. அன்செல்ம் வாசிப்பை மெல்ல முடிவுக்குக் கொண்டுவந்து கையை எடுத்தார். அமைதியில் சாமியாரின் பாட்டு தனியாக, தெளிவாக ஏறியது.

பூசை முடிந்தது, போகலாம் என்று அறிவிப்பு வந்த மறுநொடி, எல்லாக் குழாய்களையும் திறந்தார். இனி யாருக்காகவும் நிறுத்த வேண்டியதில்லை. ஜன்னல்கள் அதிர்ந்தன. வாசலைத் தாண்டியவர்களும் திரும்பி வந்து நின்றார்கள்.

சாமியார் படியேறி வந்து, முடியும்வரை காத்திருந்தார்.

"காணிக்கைக்கு வாசிச்சது பின் வரிசைக்குக் கேட்கலையாம்."

"உங்க குரல் எனக்குக் கேட்டுச்சு சாமி. அடுத்த ஞாயிறு நானா, க்ளோத்தில்டா?"



"நீர்தான். இன்னொரு வரிசை குழாய் சேர்த்துக்கும். நான் உரக்கச் சொல்றேன்."