ஏரிக்கு அடித்த மருந்து

ஆகாயத்தாமரையை ஒழிக்கச் சர்க்கார் மூன்று வருஷமாக உத்தரவுமேல் உத்தரவு போட்டுப் பார்த்தது. பதினைந்து நாளில் பிடுங்கி எரிக்காவிட்டால் அபராதம் என்றது. ஊரே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் பிடுங்கியது. அடுத்த மழைக்கு ஏரி மறுபடியும் ஊதாப்பூவாக நின்றது. எந்தத் துரைசாணியோ அழகுக்கென்று தொட்டியில் வளர்த்ததாம். அவள் கப்பலேறிப் போய்விட்டாள். செடி மட்டும் இங்கேயே தங்கிக் குடும்பம் பெருக்கிக்கொண்டது.

கடைசியில் ஆம்பூரிலிருந்து பீப்பாய்களோடு ஆட்கள் வந்தார்கள். பீப்பாய்க்குள் இருந்தது பாஷாணம். இலைமேல் தெளித்தால் செடி கருகிவிடும். ஆனால் பத்து நாளைக்கு மனிதனோ மாடோ அந்தத் தண்ணீரில் வாய் வைக்கக்கூடாது. தண்டோரா போடத் தலையாரி பஞ்சாட்சரத்தை மணியக்காரர் கூப்பிட்டார்.

"விஷம்னு மட்டும் சொல்லாதே. ஜனங்க பீப்பாய உருட்டி வுட்ருவாங்க, அப்புறம் என் உத்தியோகம் போய்டும். ஏரிக்கு மருந்து அடிக்கிறாங்க, யாரும் அந்தப் பக்கம் போவாதீங்கன்னு சொல்லு, போதும்."

பஞ்சாட்சரத்துக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் மணியக்காரரை எதிர்த்துப் பேசி வேலையை இழக்க அவனுக்கென்ன பைத்தியமா? தெருத்தெருவாகத் தமுக்கடித்து, மருந்து என்றே சொன்னான்.

மருந்து என்று கேட்டபின் நோயாளி வீட்டில் சும்மா இருப்பார்களா? மருந்து தெளித்த மூன்றாம் நாள் காலை அவன் ஏரிக்கரைக்குப் போனபோது, மதகடியில் ரங்கம்மாள் தன் இளைய மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை செய்கிறவள் அவள். நான்கு வயசுக் குழந்தைக்கு மேலெல்லாம் சொறி.

"இன்னா பண்றே நீ? போவக்கூடாதுன்னு சொன்னேன்ல!"

"சும்மா இருண்ணா. தர்மாஸ்பத்திரிக்குப் போனா வெளியவே நிக்க வெச்சு அனுப்பிட்றான். இங்க ஏரி முழுக்க மருந்து கலந்துட்டு, அதையும் நாங்க தொடக்கூடாதாமா? மேலுக்கு ஊத்தினா மட்டும் பத்தாதுன்னு உள்ளுக்கும் ரெண்டு மடக்கு குடுத்தேன்."

தொண்டைவரை வந்த சொல்லைப் பஞ்சாட்சரம் விழுங்கினான். இரண்டு மடக்குதானே, இவ்வளவு பெரிய ஏரியில் கரைந்துபோயிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

"போதும், வூட்டுக்குப் போ" என்று மட்டும் விரட்டினான்.

அன்று சாயங்காலமே குழந்தைக்கு வாந்தியும் பேதியும் கண்டது. விடிவதற்குள் உயிர் போய்விட்டது.

"வாந்தி பேதின்னா காலராதான், வேற இன்னா? எழுதிட்டேன்" என்றார் மணியக்காரர், சாவுக் கணக்கை மூடியபடி. "காலரா வந்திருக்கு, ஜாக்கிரதைன்னு போய்த் தமுக்கடி."

அவர்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த அருவருப்புதான் பஞ்சாட்சரத்துக்கு ஜாஸ்தி. இருந்தும் போனான். எல்லாத் தெருவிலும் காலரா என்று சொல்லிவிட்டு, கடைசியாக ரங்கம்மாள் தெருவுக்கு வந்தான். வாசலில் உட்கார்ந்திருந்தவள் அழுது கட்டிப்போன குரலில் கேட்டாள்.

"காலராவாண்ணா? தெரிஞ்சிருந்தா இன்னும் நாலு மடக்கு குடுத்திருப்பேனே. பொழச்சிருப்பாளே."

அவன் தமுக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினான்.

"ஏதோ நல்ல நேரம், நேத்து வரும்போதே ஒரு குடம் மொண்டாந்து வெச்சேன். பெரியவளுக்காவது ஆவட்டும்னு இப்பத்தான் ஒரு சொம்பு நெறயக் குடுத்தேன்."

"விஷம்!" என்று கத்தினான் பஞ்சாட்சரம். தெரு முழுக்கக் கேட்கும்படி திரும்பத் திரும்பக் கத்தினான். சத்தம் கேட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே உள்ளேயிருந்து பெரியவள் எட்டிப் பார்த்தாள்.